மூன்று விரல்கள் சுட்டுக்கொண்ட டிசம்பர்

ஆம்பூரில் குளிர் அடிக்கும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வேலூர்ப் பக்கம் என்றாலே வெயில் மட்டும்தான் என்று முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். டிசம்பரில் ஒரு வாரம் வந்து தங்கிப் பார்த்தால் தெரியும். விடிகாலையில் பனி இறங்கினால் எதிர்வீட்டு வாசலில் தொங்கும் கிறிஸ்துமஸ் ஸ்டார்கூட மங்கலாகத்தான் தெரியும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாகிவிடும். அதை உருக்குகிறேன் என்று அடுப்போரம் வைத்து, பாட்டிலையே உருக்கிவிட்ட புண்ணியவதி நான். காயாத யூனிஃபாரத்தை இஸ்திரிப் பெட்டியால் காயவைக்கப் போய், மகளின் காலரைத் தீய்த்ததும் நான்தான். அவசரக்குடுக்கை என்று குடியாத்தத்தில் என் அம்மா எனக்கு வைத்த பட்டம், கல்யாணமாகி ஆம்பூர் வந்தபோது சீர்வரிசையோடு சேர்ந்து வந்துவிட்டது.

இந்தச் சேதங்களையெல்லாம் வருடா வருடம் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஒன்றை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் சொல்லிச் சிரித்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். நான் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கணவருக்கு ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிற வேலை. பதனிட்டுச் சாயமேற்றிய தோல்கள் கட்டுக்கட்டாக அவருடைய மேசைக்கு வரும். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, கட்டை விரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் நடுவே பிடித்துத் தடவி, ஃபர்ஸ்ட், செகண்டு, தேர்டு என்று அடுக்க வேண்டும். முள் கீறலும் உண்ணி கடித்த தழும்பும் கண்ணுக்கே தெரிந்துவிடும். மேல்தோல் உள்ளே சரியாக ஒட்டாமல் தளர்ந்திருப்பது சுலபத்தில் கண்ணுக்குத் தெரியாது. அதில் ஷூ தைத்தால் முன்பக்கம் சுருக்கம் விழும். அதைப் பிடிக்க விரல்தான் வேண்டும்.

அந்த விரல்கள் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. சப்பாத்தியைப் பிய்க்கும் முன் ஒருமுறை தடவும். பஸ்ஸில் உட்கார்ந்தால் சீட் உறையைத் தடவும். பெண் பார்க்க வந்த அன்று தடவிப் பார்க்க வழியில்லாமல் போய்த்தான் ஏமாந்துவிட்டதாக ஒருமுறை என் அண்ணனிடமே சொல்லியிருக்கிறார். நானும் சிரித்தேன். எப்போதும் சிரிக்க முடியுமா?

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு, கூட வேலை பார்க்கும் டீச்சர்களோடு வேலூர் போய் ஒரு பட்டுப் புடவை எடுத்தேன். கடை கடையாக ஏறி இறங்கி, கால் வலிக்க வலிக்கத் தேர்ந்தெடுத்த அரக்குக் கலர் புடவை. அதைப் பிரித்துக் காட்டியபோது என் நாத்தனார் வந்திருந்தார். கணவர் முந்தானையை மூன்று விரல்களில் பிடித்து ஒரு தடவு தடவினார்.

"தேர்டு. ஃபர்ஸ்டுன்னு சொல்லி உன் தலையில கட்டிட்டான் டீச்சர்."

நாத்தனார் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். நான் புடவையை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

எங்கள் வீட்டுச் சண்டைக்கு ஒரு சட்டம் உண்டு. முதலில் வாய் திறக்கிறவர் தோற்றவர். இதில் இரண்டு பேருமே சளைத்தவர்கள் இல்லை. இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள்தான் தபால்காரி. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பேன். "அப்பா கேட்டுக்கினுதான் இருக்காரும்மா" என்பாள், அவரும் நானும் ஒரே அறையில் நிற்கும்போது. "கேட்டாலும் நீ போய்ச் சொல்லு."

அப்படி நாட்கள் போய்க்கொண்டிருந்த ஒரு காலை. குளிர் எலும்பைத் துளைத்தது. வாளித் தண்ணீரில் ஹீட்டர் கம்பியை மாட்டி ஸ்விட்சைப் போட்டிருந்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாகும்போதே கரண்ட் போய்விட்டது. எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? இருக்கிற சூட்டில் நான் குளித்துவிடலாம் என்று கம்பியை எடுத்து, குளியலறைக்கு வெளியே துண்டு மாட்டும் ஆணியில் தொங்கவிட்டேன். ஸ்விட்சை அணைக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கவும் இல்லை. கரண்ட் இல்லாத வீட்டில் ஸ்விட்ச் ஞாபகம் யாருக்கு வரும்? அவசரக்குடுக்கைக்கு நிச்சயம் வராது.

நான் குளித்து முடித்து சமையலறையில் சட்னிக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது. டியூப்லைட் எரிந்தது. அதற்குப் பிறகும் எனக்கு உறைக்கவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அவர் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்து, துண்டை எடுக்க ஆணிப் பக்கம் போனார். கம்பி துண்டை மறைத்தபடி முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒதுக்குவதற்காகக் கையை நீட்டினார். அப்போதுதான், சமையலறையிலிருந்தபடியே, சுவரில் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தேன். தண்ணீர் இல்லாமல் தொங்குகிற கம்பி எப்படிச் சூடேறியிருக்கும் என்பது அந்த நொடியே புரிந்துவிட்டது.

"தொடாதீங்க" என்ற ஒரு வார்த்தை போதும். அது தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் நான் முதலில் பேசியதாகிவிடும். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்; சொல்லி அனுப்ப ஆள் இல்லை. இப்போது எழுதும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது இதுதான். லேசாகச் சுடட்டுமே என்றும் தோன்றியதா? தோன்றவில்லை என்று பைபிள் மேல் கை வைத்துச் சொல்ல என்னால் முடியாது. இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரம்தான். அதற்குள் அவர் கம்பியைப் பிடித்துவிட்டார். கட்டை விரல், அடுத்த விரல், நடு விரல்.

அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சீறல், அவ்வளவுதான். அவருக்கும் அதே சட்டம்தானே. நான் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். அவர் நேராகச் சமையலறைக்குள் போய், காலை இட்லிக்குப் பொங்கி நின்ற மாவுப் பாத்திரத்துக்குள் கையை விட்டார். எங்கள் பக்கத்தில் சுட்டால் இட்லி மாவு என்பது கைப்பழக்கம், யோசித்துச் செய்வதில்லை.

"கையைக் காட்டுங்க" என்றேன்.

மாவுக்குள் கையை வைத்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப பேசுற" என்றார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றதை அவர் பார்த்திருக்கிறார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டி முடித்து அப்போதுதான் வந்திருந்தார். மாவு சொட்டும் கையோடு நின்றவரைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "குழாய்த் தண்ணியில புடிங்கன்னு எத்தன தடவ சொல்றது? மாவுல விட்டா புண்ணு ஆறுமா, இட்லிதான் வேகுமா?" என்று திட்டிக்கொண்டே கழுவி, பார்த்து, மருந்து வைத்துக் கட்டினார். பெரிய காயம் இல்லை, கொப்புளத்தை மட்டும் உடைக்கக் கூடாது என்றார். பிறகு என் கணவர் செய்கிற வேலை அக்காவுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "தோலு வந்துடும். தொடுற உணர்ச்சி வர்றதுக்குத்தான் நாளாவும். அவசரப்படாதீங்க."

கணவர் தலையாட்டினார். பெரிய காயம் இல்லைதான். ஒரு தச்சருக்கோ டிரைவருக்கோ அது பத்து நாள் சமாச்சாரம். இவருக்குச் சோறு போடுவதே அந்த மூன்று விரல் நுனிகள்தான்.

அதன் பிறகு நான் அவருக்குச் சட்டை பட்டன் போட்டேன், சோறு பிசைந்து கொடுத்தேன், முதுகு தேய்த்துவிட்டேன். மகள் முன்னால் ஊட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டார். எப்போதும் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் செய்யும்போது புதுச் சீப்பின் மேல் மாவை உருட்டி வரி போடுவது அவர்தான். அந்த வருடம் நான் தனியாக உருட்டினேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் வந்தது. அவர் வாயில் போட்டுக்கொண்டு நல்லா இருக்குது என்றார். குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் எல்லாரும் கை கொடுத்தார்கள். அவர் இடது கையை நீட்டினார். என்ன ஆச்சு என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் ஒரே பதில்: "ஹீட்டர் கம்பி. நான்தான் பாக்காம புடிச்சிட்டேன்." நான் பக்கத்தில் பழைய புடவையில் நின்றேன். புதுசை ஏன் கட்டவில்லை என்று காலையில் கேட்டிருந்தார். ஜாக்கெட் தைத்து வரவில்லை என்றேன். ஜாக்கெட் பீரோவில்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். அவருக்குத் தெரியும் என்பது வேறு, என் வாயால் சொல்வது வேறு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை; பகலெல்லாம் அழுத்தியது.

கட்டுப் பிரித்தபோது விரல் நுனிகள் உரித்த சின்ன வெங்காயம் மாதிரி பளபளவென்று சிவந்திருந்தன. அவர் மேசை விரிப்பைத் தடவினார். பிறகு தன் சட்டையை. பிறகு சுவரை.

"பஞ்சு சுத்தின மாதிரி இருக்குது" என்றார்.

புத்தாண்டுக்கு அடுத்த வாரம் அவருடைய சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். டீ குடித்துக்கொண்டே தயங்கித் தயங்கித்தான் பேசினார். "பொங்கலுக்கு அப்புறம் பெரிய ஆர்டர் ஒண்ணு இருக்குது. நீங்க டேபிளுக்கு வர்லன்னா வேற ஆள ஒக்கார வெக்கணும். தப்பா நெனைக்காதீங்க." அவர் போன பிறகு கணவர் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டுபோய் வைத்தார். மேசையை விட்டு இறங்கினவனைத் திரும்ப ஏற்றுவது லேசில் நடக்காது, பேக்கிங்கில் போட்டு அங்கேயே விட்டுவிடுவார்கள் என்று மட்டும் சொன்னார். அவர் அந்த மேசைக்கு வர எத்தனை வருடம் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் கம்பெனிக்குப் போய் ஒரு பை நிறையத் தோல் துண்டுகள் வாங்கி வந்தார். எல்லாம் ஒரே கறுப்பு. கூட வேலை செய்கிறவர் ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் சாக்பீஸால் தரத்தைப் போட்டுக் கொடுத்திருந்தார். சாயங்காலம் நான் விடைத்தாள் திருத்தும் மேசையில் எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "நீ ஒவ்வொண்ணா கொடு டீச்சர். நான் சொல்றேன். சரியா தப்பான்னு மட்டும் சொல்லு."

முதல் நாள் உள்ளதைச் சொன்னேன். தப்பு. தப்பு. சரி. தப்பு. மறுபடியும் தப்பு. அவர் கண்ணைத் திறந்து, எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். ஜன்னல் வழியே பார்த்தேன். கேட் கம்பியின் துருவை விரல்களால் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் ஒரு துண்டைக் கொடுத்தேன். வெகுநேரம் தடவினார். "செகண்டு" என்றார். பின்பக்கம் மூன்று என்று இருந்தது.

"சரி" என்றேன்.

அந்த முகம் மலர்ந்ததை நான் என்னவென்று சொல்வேன்? அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. முழுக்கவும் சரி என்றால் சந்தேகம் வரும் என்று நடுநடுவே ஒரு தப்பைப் போட்டேன். கணக்கு டீச்சர் அல்லவா, பொய்யிலும் கணக்குச் சரியாக இருந்தது. பரீட்சைத் தாளில் அரை மார்க் கேட்டுக் கெஞ்சும் பிள்ளைகளை விரட்டி அனுப்புகிறவள் நான். இங்கே தினமும் சாயங்காலம் வாரி வழங்கினேன். நான் செய்த கெடுதலுக்கு இது பரிகாரம் என்று நினைத்துக்கொண்டேன். எப்படியும் விரல் தானாகச் சரியாகிவிடும், அதுவரைக்கும் தைரியமாவது இருக்கட்டும் என்று நானே எனக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அவர் குளிக்கும்போது பாட ஆரம்பித்திருந்தார்.

பொங்கல் முடிந்து மேசைக்குப் போனார். சூப்பர்வைசரிடம் கை முழுசாக வந்துவிட்டது, வீட்டில் பார்த்துவிட்டேன் என்று சொல்லியே உட்கார்ந்திருக்கிறார்.

சில நாட்கள் கழித்து, வழக்கமாக வரும் நேரத்துக்கு முன்பே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் ஓடிப்போய் மடியில் ஏறப் பார்த்தாள், இறக்கிவிட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

நடந்தது இதுதான். அவர் ஃபர்ஸ்ட் என்று அடுக்கிய தோல்களில் பாதிக்கு மேல் தளர்ந்தவை. வெட்டி, தைத்து, கால் வடிவக் கட்டையில் இழுத்து மாட்டும்போதுதான் ஒவ்வொன்றிலும் சுருக்கம் விழுந்திருக்கிறது. அந்த லாட் முழுக்க ரிஜெக்ட். எல்லார் முன்னாலும் ஒரு ஷூவை அவர் கையில் கொடுத்து, தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்ச நாள் பேக்கிங்கில் இருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

"கையில கோளாறு இல்ல" என்றார் அவர். என்னைப் பார்க்கவில்லை, தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வீட்ல எல்லாம் கரெக்டா வந்துச்சே. நீதான பாத்த. அங்க போய் ஒக்காந்தா பயம் வந்துடுது போல. என் மனசுலதான் ஏதோ கோளாறு. ஞாயித்துக்கெழம பாஸ்டர்கிட்ட சொல்லி, பயம் போறதுக்கு ஜெபம் பண்ணச் சொல்லணும்."

இல்லாத பயத்தைப் போக்கச் சொல்லி ஆண்டவர் முன்னால் முழங்கால் போடப் போகிறார். மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து சொன்னேன்.

"கரெக்டா வர்லங்க. நான்தான் பொய் சொன்னேன்."

அவருக்குப் புரியவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

"எத்தனை?"

"பாதிக்கு மேல."

அந்த டிசம்பரிலிருந்து அவர் என்னிடம் ஒரு சுடுசொல் சொல்லியிருக்கவில்லை. அன்றுதான் கோபப்பட்டார். குரலை உயர்த்தவில்லை.

"அன்னிக்கு நீ வாயத் தொறக்காம நின்னது எனக்குத் தெரியும். பாத்தேன். அது கோவம். எனக்கு மட்டும் ரோஷம் கம்மியா? நானா இருந்தாலும் அப்டித்தான் நின்னுருப்பேன். அத நான் அன்னிக்கே விட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "இது கோவம் இல்ல. என்னப் பாத்து பாவம்னு நெனச்சிட்ட. புள்ளைங்களுக்கு அர மார்க்கு போட மாட்ட. எனக்கு முழு மார்க்கு போட்டிருக்க."

அழுதேன். மன்னித்துவிடுங்கள் என்றேன், கம்பிக்கும் சேர்த்துத்தான். அவர் எழுந்து போய் முகம் கழுவினார்.

அதற்குப் பிறகு சில நாள் அவர் என்னிடம் பேசவில்லை. இந்த முறை நான் எந்தச் சட்டமும் பார்க்கவில்லை. காபி வேண்டுமா, வெந்நீர் போடட்டுமா என்று பேசிக்கொண்டேதான் இருந்தேன். அவர்தான் மகளிடம் பதில் சொல்லி அனுப்பினார். காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பேக்கிங்குக்குப் போனார், சாயங்காலம் வந்தார், ரேடியோ கேட்டார்.

கோடை வருவதற்குள் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, மேசையும் திரும்பக் கிடைத்தது. சூப்பர்வைசர் தானே வந்து கூப்பிட்டார். சர்ச்சில் எழுந்து நின்று, ஆண்டவர் செய்த நன்மை என்று சாட்சி சொல்லி, வீட்டில் பிரியாணி போட்டோம். எல்லாரும் அதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதற்கு முந்தைய ஒரு சாயங்காலம். பேச்சில்லாத நாட்களின் முடிவில், நான் திருத்திக்கொண்டிருந்த தாள்களின் மேல் அந்தப் பையைக் கொண்டுவந்து வைத்தார்.

"எடு" என்றார்.

எதிரே உட்கார்ந்து கண்ணை மூடினார். ஒரு துண்டைக் கொடுத்தேன். ஃபர்ஸ்ட் என்றார். தப்பு என்றேன். அடுத்தது. தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கையை மட்டும் நீட்டினார். அடுத்த துண்டைக் கட்டை விரலில் தேய்த்தார், மடித்தார், திரும்பத் தேய்த்தார்.

"தேர்டு" என்றார்.

திருப்பிப் பார்த்தேன். மூன்று என்றுதான் இருந்தது. சந்தோஷத்தில் என் குரல் உடைந்தது.

"சரி" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். என் கையிலிருந்து அந்தத் துண்டை வாங்கி, பின்பக்கம் திருப்பி, சாக்பீஸ் எழுத்தைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார்.